எழுதிய திகதி

சாய்ந்தமருது
14.01.2025

என் கிளி இன்ஷிராவுக்கு உம்மம்மா லைலா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தலை சுற்றுகிறது. என் காது மந்தம், அதனால் உன் மாமா மகள் பஸ்மிலா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பிடிப்பாள் என்று உனக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருக்க, வீடு நிறைய ஆள் இருக்கும் நேரம் பார்த்து, கிறிஸ்தவ வேதக்காரரின் இன்ஜீல் எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று படிக்கிறேன் உம்மம்மா என்று சொல்லுவாயா? உன் மாமா சுபியான் வாய்க்குக் கொண்டு போன தேத்தண்ணியை அப்படியே கீழே வைத்துவிட்டான். நற்பிட்டிமுனையிலிருந்து என் கூடப்பிறந்த சுபைறா ராத்தா வேறு வந்திருந்தாள். அவளுக்கு வயது எழுபத்தெட்டு. காதுக்கு மட்டும் பதினெட்டு.

“என்னகா லைலா, ஒண்ட பேத்தி வேதத்துல சேந்துட்டாளா?”

“படிக்கிறாள் ராத்தா. சேரல்ல.”

“படிச்சுப் படிச்சுத்தானே சேருற.”

நான் என்ன சொல்ல? உன்னைச் சரித்திரம் படிக்க மான்செஸ்டருக்கு அனுப்பியிருக்கிறேன் என்றல்லவா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். சாய்ந்தமருதில் எந்தப் பெண்பிள்ளை இவ்வளவு தூரம் போய் முதுமாணிப் பட்டம் படிக்கிறாள்? தாயையும் தகப்பனையும் ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்த பிள்ளையை இந்தக் கையால்தான் வளர்த்தேன். அதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும். ஓம், நிமிரும்தான். இப்போது அந்தத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இன்ஜீல் ஈஸா நபிக்கு அல்லாஹ் இறக்கியது. இறங்கினதற்குத் திகதி பார்க்க நீ யார், உன் பேராசிரியர் யார்? இதற்குப் பதில் வேண்டும். போனில் வேண்டாம், ஊருக்கே கேட்கும். கடிதமாக எழுது.

உம்மம்மா


மான்செஸ்டர்
01.02.2025

அன்பின் உம்மம்மாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

முதலில் சுபைறா மூத்தம்மாவுக்குச் சொல்லுங்கள்: நான் எதிலும் சேரவில்லை. நூலகத்துப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு மூலை இருக்கிறது, லுஹரையும் அஸரையும் அங்கேதான் தொழுகிறேன். துப்புரவு செய்ய வரும் சோமாலியப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு அவளும் வந்து பக்கத்தில் நிற்கிறாள்.

உம்மம்மா, ஈஸா நபிக்கு இறங்கினதற்கு நான் திகதி பார்க்கவில்லை. சுவிசேஷம் என்று வேதக்காரரின் கையில் இன்று நான்கு நூல்கள் இருக்கின்றன. அவர்கள் இயேசு என்று சொல்லும் ஈஸா நபியைப் பற்றி அவரை நேசித்தவர்கள் பின்னால் எழுதி வைத்தவை. எவ்வளவு பின்னால்? நாற்பது வருடமா, எழுபதா, நூறா? எழுதியவர் யாரும் திகதி போடவில்லை. நாங்கள் தேடுவது அதைத்தான்.

திகதி இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். ஒரு கடிதத்தில் ‘சுனாமி’ என்ற சொல் இருந்தால் அது எப்போது எழுதினது என்று நீங்களே சொல்லிவிட மாட்டீர்களா? 2004 டிசம்பர் இருபத்தாறுக்கு முன்னால் நம் கரையில் அந்தச் சொல் யாருக்குத் தெரியும்? இதுவும் அப்படித்தான். இங்கே ஜெருசலேம் என்று சொல்லும் பைத்துல் முகத்தஸில் யூதரின் பெரிய ஆலயம் ஒன்று இருந்தது. ரோமர்கள் எழுபதாம் ஆண்டில் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இந்த நூல்களில் அந்த ஆலயம் இடியும் என்று ஈஸா நபி சொன்னதாக வருகிறது. உண்மையாகவே முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம், அதனால் நூல் அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். இடிந்ததைக் கண்ணால் கண்ட காலத்தின் பதற்றம் அந்த வரிகளில் இருக்கிறது என்பவர்கள் அவர்களைவிட அதிகம். அப்புறம், ஒரு நூல் இன்னொன்றின் வசனங்களை அப்படியே எடுத்து எழுதியிருந்தால், எடுத்து எழுதினது பிந்தியது. இங்கே ஒரு நூலகத்தில் உள்ளங்கை அளவு பாப்பிரஸ் நாணல்தாள் துண்டு ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நான்கில் ஒரு நூலின் துண்டு. அதன் எழுத்தின் வளைவை, திகதி தெரிந்த வேறு பழைய எழுத்துகளோடு ஒப்பிட்டுத்தான் காலம் சொல்கிறார்கள். அதிலும் ஐம்பது, நூறு வருடம் முன்பின்னாகச் சண்டை. அதைப் பார்க்கப் போன அன்று எனக்கு மூச்சே நின்றது.

எங்கள் பேராசிரியை ஞாயிறு தவறாமல் வேதக் கோயிலுக்குப் போகிறவர். அவர் சொன்னார்: “எழுதுகிறவர் திகதியைக் கவனமாகப் போடுவார். கவனமில்லாமல் விழுந்த சொல்லைத் தேடுங்கள்.”

பயிற்சிக்காக ஒவ்வொருவரும் வீட்டுக் கடதாசி ஒன்றைக் கொண்டுவர வேண்டுமாம். அதில் போட்டிருக்கும் திகதியை நம்பாமல், உள்ளே இருக்கும் சொற்களை வைத்து அது எப்போது எழுதப்பட்டது என்று சொல்ல வேண்டும். என்னிடம் இருக்கும் ஒரே வீட்டுக் கடதாசி உம்மாவின் கடிதம்தான். எனக்குப் பன்னிரண்டு வயதில் நீங்கள் தந்தது. கடலில் மௌத்தாவதற்கு இரண்டு மாதத்துக்கு முன் எனக்கென்று எழுதி உங்களிடம் தந்து வைத்தாரே, அது. வகுப்பில் எல்லாருக்கும் என் உம்மாவைத் தெரியப்போகிறது உம்மம்மா. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

உங்கள் இன்ஷிரா


சாய்ந்தமருது
20.02.2025

இன்ஷிராவுக்கு,

உன் கடிதம் இன்றைக்குக் காலைதான் வந்தது. அஸர் பாங்குக்கு முன் இதைத் தபாலில் போட வேண்டும் என்று எழுதுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

அந்தக் கடிதத்தை வகுப்புக்குக் கொண்டு போகாதே. உடனே உறையில் போட்டுப் பெட்டிக்குள் வை. மௌத்தானவளின் எழுத்தை நாலு பேர் தொட்டுப் புரட்ட அது என்ன சந்தைச் சாமானா? உன் பேராசிரியைக்குக் கடதாசி வேண்டுமென்றால் நான் அனுப்புகிறேன். பஸ்மிலாவின் தடுப்பூசி அட்டை இருக்கிறது. திகதியெல்லாம் முத்து முத்தாக இருக்கும், யாரும் மண்டையை உடைக்கத் தேவையில்லை.

நீ அந்தத் துண்டைப் பார்த்து மூச்சு நின்றது என்று எழுதினதை வாசித்து எனக்கு மூச்சு நின்றது. இதற்காகவா உன்னை அன்று காப்பாற்றினேன்? ஊரில் யாரிடமும் கேட்டுப் பார். அந்த ஞாயிறு காலை என் மனதுக்கு ஏதோ பட்டது. கால் முறிந்து கிடந்த சுபைறா ராத்தாவைப் பார்க்கக் கிளம்பினவள், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனேன். நற்பிட்டிமுனைக்குக் கடல் வராது. அதனால்தான் நீ இருக்கிறாய். உம்மம்மாவின் மனதில் பட்டால் அது சரியாகத்தான் இருக்கும். இப்போதும் படுகிறது. கொண்டு போகாதே.

உம்மம்மா


மான்செஸ்டர்
12.03.2025

உம்மம்மா,

உங்கள் கடிதம் முந்தாநாள்தான் கைக்கு வந்தது. அதற்கு முந்திய வாரமே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

உம்மாவின் கடிதத்தை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே பலகையில் எழுதினேன். இங்கே தமிழில் எழுதுகிறேன். எனக்கு அது மனப்பாடம்.

“என் கிளி இன்ஷிராவுக்கு உம்மா எழுதுவது. இதை வாசிக்கும்போது நீ பெரிய பிள்ளையாகி இருப்பாய். பழைய வீட்டுக் கிணற்றடியில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பேன். கடல் சத்தம் கேட்கும். நீ அதற்குப் பதில் கத்துவாய். உம்மம்மாவின் சொல்லைக் கேட்டு நட. படிப்பை விடாதே. உன்னைப் பெற்ற நாளிலிருந்து எனக்கு ஒரு பொழுதும் சலிப்பு வந்ததில்லை. உம்மா ஆகிலா. 12.10.2004.”

வகுப்பில் கிரேக்கப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் கேட்டான், பழைய வீடு என்றால் எது என்று. நாங்கள் இருந்த வீடு, சுனாமியில் போய்விட்டது என்றேன்.

“போவதற்கு முன்னாலேயே அது பழைய வீடா?”

உம்மம்மா, நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அவன் என்னைக் குத்திக் கேட்கவில்லை. பயிற்சியைத்தான் செய்தான். பேராசிரியை என் முகத்தைப் பார்த்துவிட்டு வகுப்பை நிறுத்திவிட்டார்.

அது உம்மாவின் சீதன வீடு. கலியாணத்துக்குக் கட்டினது. அக்டோபரில் உம்மா அந்த வீட்டுக்குள் இருந்துதானே எழுதியிருக்க வேண்டும்? தான் இருக்கும் வீட்டை யார் பழைய வீடு என்பார்கள்? நாம்தான் சொல்கிறோம். சுனாமித் திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு வந்த பிறகு.

எழுத்து உங்களுடையது அல்ல, அது எனக்குத் தெரியும். அதனால்தான் பத்து வருடமாக ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஒரே ஒரு கேள்வி. உம்மாதான் இதை எழுதினாரா?

இன்ஷிரா


சாய்ந்தமருது
25.03.2025

இன்ஷிராவுக்கு,

நோன்பு வாயோடு எழுதுகிறேன்.

தாயின் எழுத்தைச் சந்தேகப்படுகிற பிள்ளையை நான் எங்கும் கண்டதில்லை. யாரோ ஒரு கிரேக்கன் கேட்டானாம், இவள் வாயைத் திறந்துகொண்டு நின்றாளாம். அந்தக் கல் வீடு கட்ட முன்னால் அதே காணி வளவில் ஓலை வீடு ஒன்று இருந்தது. அதைத்தான் ஆகிலா பழைய வீடு என்று எழுதியிருப்பாள். இதைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே. அந்தப் பையனிடம் போய் இதைச் சொல்லு. அவன் வாயைத் திறக்கட்டும்.

சுபைறா ராத்தா நோன்புக் கஞ்சிக்கு வந்தவள், நீ ஏன் போன் எடுப்பதில்லை என்று கேட்டாள். படிப்பு அதிகம் என்றேன். பெருநாளைக்காவது எடு.

உம்மம்மா


மான்செஸ்டர்
13.04.2025

உம்மம்மா,

பெருநாளைக்கு நான் போன் எடுக்காததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. உங்கள் குரலைக் கேட்டால் ஓலை வீட்டை நம்பிவிடுவேன் என்று பயந்தேன்.

அஸ்னா டீச்சரோடு போனில் கதைத்தேன். உம்மாவோடு ஒன்றாகப் படித்தவர், கலியாணப் பத்திரிகை ஏதும் வைத்திருப்பார் என்று நினைத்தேன். வைத்திருந்தார். வாசித்தும் காட்டினார். “மணமகளின் புதிய இல்லத்தில், 2001.” ஓலை வீடு இருந்ததா டீச்சர் என்று கேட்டேன். வெறும் வளவு மகள், வீட்டோடுதான் கிணறும் வெட்டினது என்றார். அப்புறம், ‘பழைய வீட்டுக் கிணற்றடி’ என்று உம்மாவின் கடிதத்தில் இருக்கிறதே டீச்சர் என்றேன். அந்தப் பக்கம் டீச்சர் அழத் தொடங்கினார். “உம்மம்மாட்ட கேளுங்க மகள், என்னட்டக் கேக்காதீங்க” என்று போனை வைத்துவிட்டார்.

ஆக, உங்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

இங்கே நான்கு நூல்களுக்குத் திகதி பார்க்கும்போது நான் எவ்வளவு நிதானமாக இருந்தேன் தெரியுமா? நேசித்தவர்கள் பின்னால் எழுதினார்கள் என்று உங்களுக்கு அழகாக எழுதினேன். இப்போது அந்த வசனத்தை நினைத்தாலே கூசுகிறது. அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழ் வைத்து வளர்ந்தவள் நான். பாடசாலை ஓ.எல். பரீட்சைக்கு அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

ஆகஸ்டில் ஊருக்கு வர டிக்கெட் பார்த்து வைத்திருந்தேன். இப்போது வருவதாக இல்லை. நீங்கள் ஏன் செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதில் உம்மாவின் சொல் ஒன்றாவது இருக்கிறதா? ஒன்றாவது? அதை மட்டும் சொல்லுங்கள்.

இன்ஷிரா


சாய்ந்தமருது
06.05.2025

என் பிள்ளை இன்ஷிராவுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. எட்டு நாளும் பேனையை எடுத்தேன், வைத்தேன். நோன்பு வாயோடு பொய் எழுதினவள் நான். அதற்கு அல்லாஹ்விடம் தவ்பா மன்னிப்புக் கேட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஓலை வீடு இருக்கவில்லை.

கடிதத்தை எழுதுவித்தது நான்தான். நீ ஏழாம் வகுப்பில் இருந்தாய். பாடசாலையில் உம்மாவைப் பற்றி எழுதச் சொன்னார்கள் என்று வெறும் கொப்பியோடு வந்து நின்று, “உம்மா எனக்கு என்ன சொல்லுவா உம்மம்மா?” என்று கேட்டாய். இரண்டு நாள் நீ சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் அஸ்னாவின் வீட்டுக்குப் போனேன். அவளும் ஆகிலாவும் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இருவரின் எழுத்தும் ஒன்றுபோலச் சாயும். என் எழுத்தென்றால் நீ பிடித்துவிடுவாய்.

“இது பாவமில்லியா மாமி?” என்றாள் அஸ்னா.

“பாவம் எனக்கு. எழுத்து ஒனக்கு. எழுதுகா.”

பழங்கொப்பி ஒன்றிலிருந்து தாள் கிழித்துத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்தோம். சுனாமி என்ற சொல் எங்கேயாவது வந்திருக்கிறதா என்று மூன்று தரம் வாசித்தோம். பழைய வீடு என்று போட்டது எங்கள் நாலு கண்ணுக்கும் படவில்லை. எப்படிப் படும்? ஊரே அப்படித்தானே சொல்கிறது. சுண்ணாம்பு மணம் போகாத வீடு அது. மூன்று வருடம். புது வீடு, புது வீடு என்றுதான் வாய்க்கு வாய் சொன்னோம். அது அந்த ஒரு காலையில் பழைய வீடாகிப் போனது.

ஒரு சொல்லாவது உம்மாவுடையதா என்று கேட்டாய். உன் படிப்பு வழி எனக்குத் தெரியாது. நபிமொழி ஹதீஸ் சொல்லும்போது இன்னாரிடம் இன்னார் கேட்டார் என்று மௌலவி வரிசை சொல்லுவார். நடுவில் ஓர் ஆள் விடுபட்டால் அது பலவீனம் என்பார். என் கதையை அதோடு வைத்துப் பேசவில்லை, அல்லாஹ் மன்னிப்பானாக. ஆனால் எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

கிணற்றடியில் நின்றால் கடல் கேட்கும், நீ பதிலுக்குக் கத்துவாய் என்பது ஆகிலா சொன்னது. என்னிடமே சொன்னாள், சிரித்துச் சிரித்துச் சொன்னாள், என் இந்தக் காதால் கேட்டேன். அதில் பழைய என்ற சொல் மட்டும் என்னுடையது. படிப்பை விடாதே என்பது அவள் உனக்குச் சொன்னதில்லை. பாடசாலையில் ஏ.எல். முடித்ததும் கலியாணம் பேசினபோது, “நீயாவது படிப்ப விடாத” என்று அஸ்னாவிடம் சொல்லி அழுதாளாம். அஸ்னா சொல்லித்தான் எனக்கே தெரியும். அவளாகவே எழுதிச் சேர்த்தாள். உம்மம்மாவின் சொல்லைக் கேட்டு நட என்பது முழுப் பொய். அந்த வருடம் நீ சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. கடிதத்தோடு கடிதமாக அதையும் போட்டுவிட்டேன். இதற்கு நீ சிரித்தாலும் சரி, ஏசினாலும் சரி.

இனிச் சொல்லப்போவதை யாருக்கும் சொன்னதில்லை. அஸ்னாவுக்கும் தெரியாது.

உன்னைப் பெற்ற நாளிலிருந்து சலிப்பு வந்ததில்லை என்று எழுதச் சொன்னது நான். அது பொய் மட்டும் இல்லை, ஒரு உண்மையை மூடப் போட்ட பொய்.

அந்த ஞாயிறு என் மனதுக்கு ஒன்றும் படவில்லை. உனக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிற காய்ச்சல். மூன்று நாளாக நீ ஆகிலாவைக் கண்மூட விடவில்லை. உன் வாப்பா ஹிஷாம் விடியவே தோணியடிக்குப் போய்விட்டான். நான் ராத்தாவிடம் போகிறேன் என்று சொல்ல ஆகிலாவின் வீட்டுக்குப் போனேன். ஏழு மணி இருக்கும். தலை குலைந்தபடி உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “உம்மா, இண்டைக்கு ஒரு நாளைக்கு இவள எங்கயாவது கொண்டு போங்களன். எனக்கு ஏலாமப் போச்சு. ஒரு நித்திரை கொள்ளணும்.”

அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். நல்ல பதில் இல்லை. தாய் மகளுக்குச் சொல்லக்கூடாத பதில். அவள் பால் போத்தலையும் உன் தொப்பியையும் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டாள். தாழ் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போது என் காது நல்ல காது. ஒன்பது மணிக்குக் கடல் வந்தது. அவள் முழித்தாளா, முழிக்கவே இல்லையா, எனக்குத் தெரியாது.

உன்னைக் காப்பாற்றினது நான் என்று இருபது வருடமாக ஊரில் பெருமையடித்தேன். காப்பாற்றினது அவளுடைய களைப்பு. உன் தாயே உன்னைக் கொண்டு போகச் சொன்னாள் என்று உனக்கு எப்படிச் சொல்ல என்று நினைத்தேன். அது பாதிதான். மற்றப் பாதி, நான் சொன்ன பதில். அவளைச் சலிக்காதவளாக எழுதிவிட்டால் அந்தக் காலையில் அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை என்று ஆகிவிடும் அல்லவா?

நீ வராவிட்டால் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

உம்மம்மா


மான்செஸ்டர்
27.05.2025

அன்பின் உம்மம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதத்தை பஸ்ஸில் பிரித்தேன். அது தப்பு. இறங்க வேண்டிய இடம் எப்போது போனதென்று தெரியாது. கடைசித் தரிப்பில் சாரதி வந்து தோளைத் தொட்டு, நலமா என்று கேட்டார். என் தாய் இறந்துவிட்டார் என்றேன். எப்போது என்று கேட்டார். இருபது வருடத்துக்கு முன் என்றால் அவர் என்ன நினைப்பார்? இப்போதுதான் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் அது பொய்யாகவும் தோன்றவில்லை.

நான்கு நாளாக ஒரு கணக்கைத் திருப்பித் திருப்பிப் போடுகிறேன். உம்மா அன்று கொஞ்சம் பொறுத்திருந்தால் நான் இல்லை. எனக்கு ஏலாது என்று வாய்விட்டுச் சொன்னதால் இருக்கிறேன். இதை எங்கே வைத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதித் தந்த உம்மாவை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயம் உம்மம்மா. ஒரு பொழுதும் சலிக்காதவர். எனக்குப் படிப்புச் சலிக்கும், தொழுகை சிலநேரம் சலிக்கும், ஆட்கள் சலிக்கும். அப்போதெல்லாம் அந்த வரியை நினைத்து வெட்கப்படுவேன். இருபத்து நாலு வயதில் தலை குலைந்து, ஒரு நித்திரைக்காகக் கெஞ்சிய ஒருத்தியை எனக்குத் தெரியாமலே போயிருக்கும். எனக்கு இருபத்திரண்டு. அவர் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

கோபம் போகவில்லை. அதை மறைக்கப் போவதில்லை. தேயிலைச் சாயத்தை நினைக்கும்போது ஒரு பக்கம் சிரிப்பும் வருகிறது, அதற்காக இன்னும் கோபம் வருகிறது. ஆகஸ்டில் வருகிறேன். வந்து முகத்துக்கு நேரே ஏசுவேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். உம்மா சொன்னது அதில் இருக்கிறது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. யார் சொன்னது, யார் கேட்டது, யார் எழுதினது, நடந்த திகதி, எழுதின திகதி எல்லாம் போட்டிருக்கிறேன். கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். அது உங்கள் பதிலுக்கு. அதை நான் எழுதக்கூடாது. இந்தமுறை அஸ்னா டீச்சரும் வேண்டாம்.

உங்கள் இன்ஷிரா


சாய்ந்தமருது
21.06.2025

என் கிளி இன்ஷிராவுக்கு உம்மம்மா எழுதுவது. வஅலைக்குமுஸ்ஸலாம்.

தாள் கிடைத்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும் என்று வைத்திருந்தேன். அப்படிச் சொல்வதும் சரியில்லை. பயந்துபோய் வைத்திருந்தேன்.

இன்று காலை சுபைறா ராத்தா வந்து, என்ன பத்திரம் லைலா இது, எழுதாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாய் என்று கேட்டாள். நீ எழுதினதை வாசித்துக் காட்டினேன்.

“அப்ப ஒண்ட மனசுக்கு ஏதோ பட்டது எண்டு சொன்னது?”

“பொய் ராத்தா.”

“இருவது வருசமாவா?”

“ஓம் ராத்தா. இருவது வருசமா.”

அவள் வாயில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். என் ஆயுளில் ராத்தா பேச்சில்லாமல் இருந்ததை இன்றைக்குத்தான் கண்டேன். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். நாளைக்கு ஊருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

அவள் போன பிறகு எழுதினேன். தாளை மடியில் வைத்து எழுதினதில் எழுத்துச் சாய்ந்துவிட்டது. ஆனாலும் என் எழுத்துத்தான், நீ பார்த்தால் தெரியும். தாளை இதோடு அனுப்புகிறேன். வழியில் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று இங்கேயும் ஒரு தரம் எழுதுகிறேன்.

“ஊரில ஒருத்தியும் புள்ள பெறல்லியா? என்னகா, பெத்தவளுக்குப் புள்ள பாரமா?”

சொன்னது லைலா. கேட்டது அவளுடைய மகள் ஆகிலா. சொன்ன திகதி 26.12.2004. எழுதிய திகதி 21.06.2025.